மோட்டார் எஞ்சினில் எண்ணெய் மட்டம் அறியும் முறை

மோட்டார் வண்டியைப் பேணுவோர் செய்யும் சோதனைகளுள் மிக எளியது எஞ்சின் எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பதாகும். ஒரு கம்பி, ஒரு துணி, சில நிமிடப் பொறுமை ஆகிய மூன்றுமே இதற்கு வேண்டுவன. எளிது என்ற காரணத்தாலேயே இது பல இடங்களில் பிழையாகச் செய்யப்படுகிறது. எண்ணெய் குறைந்த எஞ்சினில் போதிய எண்ணெய் இருப்பதாகவும், போதிய எண்ணெய் உள்ள எஞ்சினில் அது குறைவதாகவும் கம்பி காட்டக்கூடும். குற்றம் கம்பியினுடையதன்று, எந்நிலையில் அளத்தல் வேண்டும் என்பதைக் கவனியாமையே பிழைக்குக் காரணம்.

அந்தமான் தீவுகளில் இப்பிழையின் விளைவு எஞ்சினோடு நிற்பதில்லை. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது) வடக்கு நோக்கி அந்தமான் டிரங்க் சாலையில் செல்லும் வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நின்று, குறித்த நேரங்களில் காவலுடன் அணியாகப் புறப்படுகின்றன. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் துறை வரையுள்ள ஏறத்தாழ 49 கி.மீ. தூரம் ஜராவாப் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட காட்டின் ஊடே செல்கிறது. இப்பகுதியில் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேற்படலாகாது, முன்செல்லும் வண்டியைத் தாண்டுவதும், இடையில் வண்டியை நிறுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன. வெளியாரிடமிருந்து தொற்றும் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் ஜராவா மக்களிடம் குறைவு. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. ஆதலின் இச்சாலையில் ஒரு வண்டி பழுதுற்று நிற்பது அவ்வண்டியில் உள்ளோருக்கு மட்டும் நேரும் இடர் அன்று. சாவடிக்கு வருமுன் ஐந்து நிமிடம் செலவிட்டுச் செய்யும் ஒரு சோதனை இதனைப் பெரிதும் தவிர்க்கும்.

எண்ணெயின் பணி

எஞ்சினின் அடியில் அமைந்த தொட்டிக்குப் பணிமனைகளில் ‘ஆயில் சம்ப்’ என்று பெயர். இத்தொட்டியின் அடிப்பகுதிக்கு அருகே ஓர் உறிஞ்சு குழாய் உள்ளது. பம்பு அதன் வழியே எண்ணெயை இழுத்து, வடிகட்டியின் ஊடே செலுத்தி, சுழலும் தண்டின் தாங்கிகளுக்கும் வால்வுகளை இயக்கும் உறுப்புகளுக்கும் அனுப்புகிறது. உலோகமும் உலோகமும் நேரே உராயாதபடி இடையே மெல்லிய படலமாக எண்ணெய் நிற்கிறது. உராய்வால் பிறக்கும் வெப்பத்தையும் அதுவே வாங்கிக்கொண்டு மீண்டும் தொட்டிக்குள் வடிகிறது.

தொட்டியில் எண்ணெய் குறைந்தால், வண்டி மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும். உறிஞ்சு குழாயின் வாய் வெளிப்பட்டு, பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். தாங்கிகள் தேய்ந்து இறுகுவதற்குச் சில நிமிடங்களே போதும். எண்ணெய் மிகுவதும் தீங்கே. சுழலும் தண்டு எண்ணெயில் அடிபட்டு அதை நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் படலமாக நின்று பாரத்தைத் தாங்காது.

ஓட்டுநரின் முன்னுள்ள சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பி மட்டம் பாராதிருத்தல் தவறு. அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. அதன் அளவை அன்று. அழுத்தம் வீழ்ந்த பின்னரே அது எரியும். எரிந்தவுடன் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தலாகாத சாலையில் அது எரிந்தால் எஞ்சினைக் காப்பதா, சாலை விதியைக் காப்பதா என்ற இக்கட்டு நேரும்.

சாய்வினால் வரும் பிழை

‘டிப்ஸ்டிக்’ எனப்படும் அளவுக் கம்பியின் நுனியில் மேற்குறி, கீழ்க்குறி என இரண்டு குறிகள் உண்டு. பல கார்களில் இவற்றின் இடைவெளி ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெயைக் குறிக்கும். வண்டி சமதளத்தில் நிற்கிறது என்று கொண்டே இக்குறிகள் இடப்பட்டுள்ளன.

நீர்மத்தின் மேற்பரப்பு எப்போதும் கிடையாகவே நிற்கும். வண்டி சாய்ந்தால் தொட்டி மட்டுமே சாய்கிறது. கம்பி தொட்டியின் நடுவில் இருந்தால் சாய்வு பெரும் பிழையை உண்டாக்காது. ஆனால் பெரும்பாலான எஞ்சின்களில் அது ஓரமாகவே அமைந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, எண்ணெய்ப் பரப்பின் நடுவிலிருந்து 16 செ.மீ. தள்ளிக் கம்பி இருப்பதாகவும், குறிகளின் இடைவெளி 16 மி.மீ. என்றும் கொள்வோம். தரை 20க்கு 1 என்ற அளவில் சாய்ந்திருந்தால், கம்பி உள்ள இடத்தில் மட்டம் 16 செ.மீ.யில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ., மாறும். இது ஏறத்தாழ அரை லிட்டர் பிழையாகும். கம்பி பள்ளத்துப் பக்கம் இருப்பின், உண்மையில் கீழ்க்குறியளவே உள்ள எண்ணெய், இரு குறிகளுக்கும் நடுவில் நிற்பதாகத் தோன்றும். மேட்டுப் பக்கம் இருப்பின் போதிய எண்ணெயும் குறைவாகத் தோன்றும். அதைக் கண்டு மேலும் ஊற்றினால் எண்ணெய் மிகுந்துவிடும்.

20க்கு 1 என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத சாய்வு. போர்ட் பிளேர் மேடு பள்ளம் நிறைந்த நகர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் இத்தீவுகளில், நீர் வடியும் பொருட்டுச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் அமைகின்றன. ஆகவே சாலையோரத்தில் நிறுத்திய வண்டி பக்கவாட்டில் சாய்ந்தே நிற்கும். வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகின் தளத்திலும் மட்டம் பார்த்தல் கூடாது.

தரை சமமானதா என்று ஐயம் எழுந்தால் அதைத் தீர்க்க ஒரு வழியுண்டு. ஒருமுறை அளந்த பின் வண்டியை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி நிறுத்தி, எண்ணெய் வடியும்வரை காத்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளும் ஒத்திருந்தால் தரை சமம். வேறுபட்டால் இரண்டின் நடுவளவே உண்மைக்கு நெருங்கியது. ஒருமுறை மிகுந்த பிழை மறுமுறை அதே அளவு குறைந்து நேராகிவிடுகிறது.

அளவுகோல் ஊன்றிய இடமே அசைந்தால் அளவும் பிறழும் என்பதற்குத் தீவுகளின் வரலாற்றிலேயே பெரியதொரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையோ உயர்ந்து, அங்குள்ள பவளப்பாறைகள் நீருக்கு மேல் வெளிப்பட்டன. கரையில் நின்று கண்டவருக்குப் போர்ட் பிளேரில் கடல் ஏறியதாகவும் வடக்கே கடல் இறங்கியதாகவும் தோன்றியிருக்கும். கடல் மட்டம் அவ்வாறு மாறவில்லை, நிலமே சாய்ந்தது. சாய்தரையில் நிற்கும் வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் நிகழ்வதும் இதுவே.

காலமும் வெப்பமும்

எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் ஒரு பகுதி குழாய்களிலும் வடிகட்டியிலும் எஞ்சினின் மேற்பகுதியிலும் இருக்கும். நிறுத்திய உடனே அளந்தால் இப்பகுதி கணக்கில் வாராது. மட்டம் குறைவாகத் தோன்றும். ஆகவே 5 முதல் 10 நிமிடம் காத்தல் வேண்டும். குளிர் நாடுகளில் ஆறிய எண்ணெய் தடித்து மெல்ல வடியும். அந்தமானில் விடியற்காலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு மேலேயே இருப்பதால் அத்தடை இல்லை. இரவு முழுதும் நின்ற வண்டியை, காலையில் எஞ்சினை இயக்குமுன் அளப்பது இங்கு மிகவும் ஏற்றது.

வெப்பத்தால் எண்ணெய் விரிவதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாகைக்கும் அதன் பருமன் பத்தாயிரத்தில் ஏறத்தாழ 7 பங்கு பெருகுகிறது. 4 லிட்டர் எண்ணெய் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் மிகும். இது சிறிய வேறுபாடே. எனினும் ஒருநாள் சூட்டிலும் மறுநாள் ஆறிய பின்னும் அளந்து ஒப்பிட்டால், இல்லாத தேய்மானம் இருப்பதாகத் தோன்றும். சூடான நிலையிலா, ஆறிய நிலையிலா அளப்பது என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுகின்றனர். சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டியுள்ளது. அந்தந்த வண்டியின் கையேடு கூறுவதே முடிவானது.

அளக்கும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைத்தடையை இட்டு, எஞ்சினை நிறுத்திக் கையேடு கூறும் நேரம் காத்திருக்க வேண்டும்.

2. கம்பியை உருவி, நூல் பிரியாத தூய துணியால் துடைக்க வேண்டும். முதலில் உருவும்போது குழாயின் சுவரில் தெறித்த எண்ணெய் கம்பியில் ஒட்டியிருக்கும். அந்த அளவை ஏற்கலாகாது.

3. கம்பியை இறுதிவரை செலுத்திச் சில நொடிகள் கழித்து எடுக்க வேண்டும். முழுதும் இறங்காத கம்பி மட்டத்தைக் குறைத்தே காட்டும்.

4. கம்பியைக் கிடையாகப் பிடித்து இருபுறமும் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் எண்ணெய் வழிந்து மேலேறும். இருபுறமும் வேறுபட்டால் தாழ்ந்த அளவையே கொள்ள வேண்டும்.

5. துடைத்து மறுமுறையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே குறித்துக்கொள்ளலாம்.

6. குறைந்திருப்பின் கால் லிட்டர் அளவாக ஊற்றி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். மேற்குறியைத் தாண்டலாகாது.

இருசக்கர வண்டியைப் பக்கத் தாங்கியில் சாய்த்து நிறுத்தாமல் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மரையுள்ள கம்பியைத் திருகி இறக்கி அளப்பதா, திருகாமல் மேலே நிறுத்தி அளப்பதா என்பதையும் கையேட்டில் காண வேண்டும். இரண்டிற்கும் அளவு வேறுபடும்.

மட்டம் உயர்ந்தால்

எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்வது நற்குறி அன்று. எரியாத டீசலோ பெட்ரோலோ எண்ணெயில் கலந்திருக்கலாம். குளிர்விக்கும் நீர் கசிந்திருக்கலாம். 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறினும், சிறிது எண்ணெய்த் தொட்டியை அடைகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறுவதால் இந்நீர் ஆவியாகிவிடும். தீவூர்களில் இரண்டு மூன்று கி.மீ. ஓடி நிற்கும் வண்டிகளில் அது தங்கிவிடும். கம்பியில் எண்ணெய் மோர்போல் வெளுத்துத் தோன்றினால் நீர் கலந்துள்ளது என்று அறியலாம்.

கடல்நீரிலோ வெள்ளத்திலோ மூழ்கிய வண்டியில் நீர் எண்ணெயினும் கனமானதாகையால் தொட்டியின் அடியில் தங்கி எண்ணெயை மேலே உயர்த்தும். கம்பி நிறைந்த மட்டத்தைக் காட்டும். உறிஞ்சு குழாயின் வாயிலோ நீரே நிற்கும். இத்தகைய வண்டியின் எஞ்சினை இயக்கிப் பார்த்தலே கூடாது.

வகுப்பறைக்கு இரண்டு சோதனைகள்

40 செ.மீ. நீளமுள்ள தட்டையான தட்டில் 4 செ.மீ. உயரம் நீர் விட்டு, நடுவிலும் இரு முனைகளிலும் அடிகோலால் ஆழத்தை அளக்கலாம். பின்னர் ஒரு முனையின் கீழ் 2 செ.மீ. கட்டையை வைத்து அளந்தால், நடுவில் 4 செ.மீ. மாறாமலும், தாழ்ந்த முனையில் ஏறத்தாழ 5 செ.மீ. ஆகவும், உயர்ந்த முனையில் ஏறத்தாழ 3 செ.மீ. ஆகவும் இருக்கும். நீர் கூடவோ குறையவோ இல்லை என்பதை மாணவர் நேரிலே காண்பர்.

அடுத்து, கண்ணாடிக் குவளையில் பாதியளவு தேங்காயெண்ணெய் விட்டு மட்டத்தைக் குறித்து, சாயம் கலந்த நீரை மெல்லச் சேர்க்க வேண்டும். எண்ணெய் மட்டம் உயரும். எண்ணெயின் அளவோ கூடவில்லை. மட்டமும் அளவும் எப்போதும் ஒன்றல்ல என்பதை இது விளக்கும்.

குறிப்பேடு

ஒருநாள் அளவு தனியே அறிவிப்பது சிறிது. தொடர்ந்து எழுதிய அளவுகளே எஞ்சினின் நிலையைத் தெரிவிக்கும். நாள், ஓடிய கி.மீ., மட்டம், ஊற்றிய எண்ணெய் ஆகியவற்றை வாரந்தோறும் அதே இடத்தில், அதே வேளையில் அளந்து எழுதிவர வேண்டும். ஆயிரம் கி.மீ.க்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்பது தெரிந்துவிட்டால், கசிவோ தேய்மானமோ தோன்றும்போது அது முன்கூட்டியே புலப்படும். பழுது நீக்கும் உறுப்புகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடந்து சென்னை போன்ற துறைகளிலிருந்து வரவேண்டிய தீவுகளில், இம்முன்னறிவின் மதிப்பு பெரிது. ஜிர்காடாங் செல்லும் வண்டிக்கு, முந்திய நாளிரவே சமதளம் தேடி நிறுத்தி, விடியுமுன் விளக்கொளியில் கம்பியைப் பார்த்தபின் புறப்படுவதே தக்க முறையாகும்.