வீட்டுக் கடனும் சர்க்கார் மானியமும்

சொந்த வீடு வாங்க விரும்பும் சாமானியக் குடும்பத்துக்குச் சர்க்காரின் உதவி உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே நேர்மையான விடை. எவ்வளவு கிடைக்கும் என்பதையும் பலர் விசாரித்து வைத்திருக்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்பதை மட்டும் விசாரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, கிரய தினம் நெருங்கும்போது கைப்பணம் போதாமல் திகைத்து, நகையை அடகு வைத்தோ கந்து வட்டிக்கு வாங்கியோ பத்திரத்தை முடிக்கிற குடும்பங்களை, காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை என்று 2024-இல் மாநகராட்சி அந்தஸ்தைப் பெற்றும் வருமானத்திலும் வாழ்க்கை முறையிலும் இன்னும் சிறு நகரங்களாகவே இருந்துவருகிற ஊர்களில் காண்பது அபூர்வமன்று. உதவியின் அளவைக் காட்டிலும் அது வந்து சேரும் வேளையே முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக் கடன் என்பதே நம் நாட்டில் சமீப காலத்து ஏற்பாடு. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-இல் தோன்றியது. மத்திய சர்க்காரின் ஹட்கோ நிறுவனம் 1970-இல் வந்தது. வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. என்ற தனியார் நிறுவனம் 1977-இல் ஏற்பட்டது. அத்தகைய நிறுவனங்களுக்கெல்லாம் ஆதாரமாக நிற்கும் தேசிய வீட்டு வசதி வங்கி 1988-இல்தான் பிறந்தது. அதற்கு முன்பெல்லாம் மாதச் சம்பளக்காரர், உத்தியோக காலம் முழுவதும் சேமித்து, ஓய்வு பெறும்போது வரும் தொகையைக் கொண்டு வீடு கட்டுவதே வழக்கமாயிருந்தது.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, கடனில் முதல் 6 லட்சம் ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி மானியம் வழங்கப்பட்டது. அந்த மானியத்தின் மொத்த மதிப்பு, அதிகபட்சம் 2 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய், ஆரம்பத்திலேயே கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதால் அசலே குறைந்து, மாதத் தவணையும் இலேசாயிற்று. அந்த ஏற்பாடு 2022 மார்ச் மாதத்தோடு முடிவுற்றது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த இரண்டாம் கட்டத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 1 கோடி நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உதவுவதை உத்தேசமாகக் கொண்டது. மாநகராட்சி, நகராட்சி மாத்திரமன்றிப் பேரூராட்சிகளும் இதில் அடங்கும் என்பதைச் சிறு நகரவாசிகள் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டாம் கட்டத்தின் வட்டி மானியப் பிரிவுதான் வீடு வாங்குவோர்க்கு நேரடியாகப் பயன்படுவது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. கணவன், மனைவி, மணமாகாத மக்கள் ஆகியோர் கொண்ட அக்குடும்பத்துக்கு இந்தியாவில் வேறெங்கும் காங்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்கும், கடன் 25 லட்சத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும். புது வீடுதான் வேண்டுமென்பதில்லை. பழைய வீட்டைக் கிரயம் வாங்குவோர்க்கும் இது பொருந்தும். கடனில் முதல் 8 லட்சம் ரூபாய்க்கு 12 ஆண்டுக் காலம் வரை 4 சதவீத வட்டி மானியம் என்று கணக்கிட்டு, அதிகபட்சமாக 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே, கிராமத்து நிலத்தை விற்றாவது கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று நினைப்பவர், அவசரப்பட்டால் மீதித் தவணைகளை இழப்பார்.

இனி, 25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி அந்த உச்ச அளவையே கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 22 லட்சத்து 50 ஆயிரம்தான் கிடைக்கும். மீதி 2 லட்சத்து 50 ஆயிரம் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து இன்னும் 2 லட்சத்து 25 ஆயிரம். பத்திரம் எழுதும் செலவு, வக்கீலின் கருத்துரைக்குக் கட்டணம், தரகு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டாலுங்கூட, 4 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் ரொக்கமாக இல்லாமல் அந்தக் குடும்பம் வீட்டுக்குள் அடியெடுத்து வைக்க முடியாது. சர்க்கார் தரும் 1 லட்சத்து 80 ஆயிரமோ, ஆண்டுக்கு 36 ஆயிரம் என்ற கணக்கில், வீடு வாங்கி முடித்த பின்னர், வாங்கியவர் கைக்கன்றி வங்கிக் கணக்குக்கு வருகிறது. விதைப்புக்கு வேண்டிய தண்ணீரை அறுவடைக்குப் பிறகு மடையில் திறந்துவிடுவது போன்றது இது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும் சலுகைகள் சில இருக்கத்தான் செய்கின்றன. வீட்டின் மதிப்பு 10 லட்சத்துக்கு உட்பட்டதாயின், முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு ஆகியவற்றையும் வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடனை நிர்ணயிக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இன்றைய விலைவாசியில், சிறு நகரங்களிலுங்கூட, 10 லட்சத்துக்குள் அடங்குவது பெரும்பாலும் வெறும் மனையேயன்றி வீடாக இருப்பதில்லை.

பிற தேசத்தார் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்று பார்ப்பது பிரயோஜனமானது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ‘ஹோம்’ என்ற திட்டத்தின்படி, மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் நிதி அளிக்கிறது. அந்தந்தப் பிரதேசத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேற்படாத குடும்பங்களே அதற்குப் பாத்திரர்கள். பல நகராட்சிகள் இந்நிதியைக் கொண்டு, வாங்குபவர் கட்ட வேண்டிய முன்தொகைக்கும் பதிவுச் செலவுக்கும் கிரய தினத்தன்றே உதவுகின்றன. அத்தொகை வட்டியில்லாத இரண்டாவது கடனாக வீட்டின் மீது எழுதப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் அவ்வீட்டிலேயே குடியிருந்தால் தள்ளுபடியாகிறது. இடையில் விற்றால் மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்குவதற்கு முன், கடனைப் பற்றியும் வீட்டுச் செலவைப் பற்றியும் ஆலோசனை பெற்றாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பொதுப் பணம் வியாபாரிகளிடம் போய்ச் சேராமலும், வாங்குபவர் வேண்டிய நேரத்தில் கைவிடப்படாமலும் இருக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தோன்றவில்லை.

முன்தொகை கையில் இருந்தாலும், சிறு நகரத்தில் வேறொரு தடை காத்திருக்கிறது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலும், ஜவுளிக் கடையிலும், சாப்பாட்டுக் கடையிலும் உழைத்து நியாயமாகச் சம்பாதிக்கிற ஒருவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்க மாட்டார். 22 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு, 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு, மாதந்தோறும் சுமார் 19,500 ரூபாய் கட்ட வேண்டியிருக்கையில், காகிதச் சான்று இல்லாதவரை வங்கி நம்ப மறுக்கிறது. அவர் வேறு வழியின்றி, கடைக்கே வந்து கல்லாவைப் பார்த்து வருமானத்தை மதிப்பிடுகிற தனியார் வீட்டுக் கடன் நிறுவனத்தை நாடி, கூடுதல் வட்டிக்கு வாங்குகிறார். குறைந்த வருமானக்காரருக்குக் கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் அளிக்கும் நிதியை மத்திய சர்க்கார் 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருப்பது இதற்குப் பரிகாரமாகத்தான். வங்கிக் கிளைகள் அதைத் தாராளமாக உபயோகித்தால், மானியத்தைக் காட்டிலும் பெரிய உபகாரமாக அது அமையும்.

சொந்த மனை இருப்பவர்க்கு, கட்டிக்கொள்வதற்கான பிரிவு தனியே உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு மத்திய சர்க்கார் 1 லட்சத்து 50 ஆயிரமும், மாநில சர்க்கார் குறைந்தது 1 லட்சமும், வேலை நடக்க நடக்கக் கொடுக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோர்க்கு 4 லட்சம் ரூபாய் வரை உதவும் மாநிலத் திட்டமும் இருக்கிறது. இங்கே குறுக்கே நிற்பது பட்டா. நத்தம் மனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும், பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலோ, பங்காளிகள் அனைவர் பெயரிலும் கூட்டாகவோ இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கிடைக்காமல் ஒரு வீட்டின் உதவி ஆண்டுக்கணக்கில் நின்றுபோவதுண்டு. வருவாய்த் துறையார் இவ்விஷயத்தில் முகாம் நடத்திப் பட்டாவைப் பிரித்துக் கொடுப்பது, இன்னொரு மானியத்தை அறிவிப்பதற்கு நிகரான தொண்டாகும்.

மனையாகவோ, மனைப் பிரிவில் கட்டிய வீடாகவோ வாங்குவோர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதன் பின் 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வரன்முறை ஆகாத மனைமீது வங்கி கடன் தராது. கடன் இல்லையேல் வட்டி மானியமும் இல்லை. ஆகையால், முன்பண ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு அங்கீகாரம் ஆகியவற்றின் நகல்களைப் பெற்று வங்கியில் காட்டிக் கடன் தேறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மானியத்துக்குரிய விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் பதியலாம். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

சர்க்காருக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்து ஆண்டுகளில் கொடுக்கப்போகும் அதே 1 லட்சத்து 80 ஆயிரத்தை, வீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடு, பதிவு செய்யும் நாளன்றே வாங்குபவர் சார்பில் செலுத்திவிடுங்கள்.