கிறுக்கலாக வந்த தமிழ்! மாநாடு கூட்டித் தீர்த்த கதை

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோவில் பற்றி இன்று செல்போனில் தேடினால் தமிழ் எழுத்து பளிச்சென்று வருகிறது. முன்பு அப்படியா? வலைத்தளத்துக்கு ஒரு எழுத்துரு! அது நம்ம கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், "என்னய்யா இது கிறுக்கல்?" என்று முழிக்க வேண்டியதுதான்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட, தமிழ் கம்ப்யூட்டர் நிபுணர்கள் 1997-ல் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு. பொதுக் குறியீட்டு முறைகளும் 'தமிழ்99' விசைப்பலகையும் பிறந்தன. உயிர், மெய், ஆய்தம் 31-ஐ வைத்தே 247 எழுத்தையும் அடித்து விடலாம்! 2000-ல் 'உத்தமம்' அமைப்பு உருவானது. 2010-ல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது.

பழைய எழுத்துருவில் அடித்தவை மட்டும் இன்னும் கிறுக்கல்தான். வீட்டில் இருந்தால் இப்பவே யுனிகோடுக்கு மாத்தி வையுங்க!