‘நைட் லைஃப்’ என்றால் என்னம்மா?

"ஏம்மா, நைட் லைஃப்னா என்ன? நல்லதா, கெட்டதா?"

மாமியார் கேட்டதும் வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் மகள், "இங்கே நைட் லைஃப் ஜோர்ம்மா" என்று போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது!

அகராதியைப் புரட்டினேன். இரவில் ஓர் ஊரில் கிடைக்கும் கேளிக்கை. அதாவது நாடகம், இசை, நடன விடுதி, மது விடுதி. இரவெல்லாம் விழித்திருக்கும் நர்ஸும் கூர்க்காவும் இதில் சேர்த்தியில்லை. ‘இரவு வாழ்க்கை’ என்று தமிழில் சொன்னாலோ, வேறு ஏதோ வாடை அடிக்கிறது!

ஆனால் எங்கள் மதுரைக்கு இது புதிதா? பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று அன்றே பெயர் வைத்தவர்களாச்சே! மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, இரவை ஜாமம் ஜாமமாகக் காட்டுகிறது. முதல் ஜாமத்தில் முதல் சூல் கொண்ட பெண்கள், யாழும் முழவும் ஒலிக்க, விளக்கும் படையலுமாகக் கும்பிடப் போகிறார்கள். இரண்டாம் ஜாமத்தில் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். அடையும் மோதகமும் விற்றவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். மூன்றாம் ஜாமம் திருடனுக்கும் ஊர்க்காவலருக்கும். (அடை விற்றவர்கள் மேல்தான் எனக்குப் பரிதாபம்.)

அவ்வளவு ஏன்? அழகர் எதிர்சேவை அன்று, தோளில் தூங்கும் பிள்ளையோடு ராத்திரி முழுக்கத் தெருவில் நின்றவர்தானே என் மாமியார்!

திருவிழாவுக்குச் சரி, வேலைக்கு? 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்றது. கூடவே பாதுகாப்பு, வாகன வசதி என்று நிபந்தனைகளும் போட்டது. என் மகள் ராத்திரி ஷிப்ட் பார்ப்பது அதனால்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் போனை எடுத்துவிட்டார்.

"ராத்திரியிலே அப்படி என்னடி பண்றே?"

"ஷிப்ட் இல்லாத அன்னிக்கு நாலு பொண்ணுங்க சேர்ந்து பரோட்டா சாப்பிட்டு, பேசிக்கிட்டே நடப்போம் பாட்டி."

"ஷிப்ட் அன்னிக்கு?"

"கம்பெனி வேன் வரும்."

"வாசல்லே விடுமா, தெருமுனையிலேயா?"

பதில் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. "தெருமுனையிலே, பாட்டி."

"வாசல்லே விடச் சொல்லி நாளைக்கே எழுதிக் கொடு. பரோட்டாவெல்லாம் தாராளமாச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.