விரைந்து குறையும் எடையும் நிலைத்து நிற்கும் உணவும்

ஒரே மாதத்தில் இருபது இறாத்தல் எடையைக் குறைக்கலாம் என்னும் விளம்பரங்கள் அமெரிக்காவுக்குப் புதியவை அல்ல. 1972 ஆம் ஆண்டில் வெளிவந்த வைத்தியர் ரொபேர்ட் அற்கின்சின் நூல், மாப்பொருளை ஒதுக்கி இறைச்சியும் கொழுப்பும் உண்ணுமாறு கூறிப் பெரும் விற்பனை கண்டது. 1970களின் பிற்பகுதியில் திரவப் புரத உணவு பரவியது. அதனை மட்டுமே அருந்தி எடை குறைக்க முயன்றோரிடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்ட பின்னரே அது செல்வாக்கிழந்தது. எடை குறைப்பு மாத்திரைகளில் சேர்க்கப்பட்டுவந்த எபெட்ரா என்னும் மூலிகை 2004 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. இன்று கீற்றோ முதலிய பெயர்களில் அதே வாக்குறுதி எம்மவர் இல்லங்களையும் வந்தடைகின்றது.

எம்மவர் இதில் கூடிய கவனம் செலுத்தவேண்டிய காரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் சிக்காகோவிலும் வாழும் தெற்காசியரிடம் நடத்தப்பட்ட 'மசாலா' ஆய்வின் முடிவு 2014 ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களுள் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. ஒப்பிடப்பட்ட வெள்ளையரிடையே அது 6 வீதம் மட்டுமே. எமது உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே அதிகம் சேர்வதால், பார்வைக்கு மெலிந்தவரும் தப்புவதில்லை. இதனாலேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 ஆம் ஆண்டு முதல், ஆசிய வம்சாவளியினர் பரிசோதனை செய்துகொள்ளவேண்டிய எடை எல்லையைத் தாழ்த்தியது. ஐந்தடி ஆறங்குல உயரமுடைய ஒருவருக்குப் பொது எல்லை ஏறத்தாழ 70 கிலோ. எமக்கோ 65 கிலோ.

அவ்வாறாயின் எந்த உணவுமுறை சிறந்தது? ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் விரிகுடாப் பகுதியில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்தது. ஒரு பிரிவினர் கொழுப்பையும் மற்றவர் மாப்பொருளையும் குறைத்தனர். 2018 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முன்னவர் சராசரி 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் குறைந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. மரக்கறியைக் கூட்டுதல், சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்தல் ஆகியன இரு பிரிவினருக்கும் பொதுவாகக் கூறப்பட்ட அறிவுரைகள்.

மாப்பொருளை முற்றாக நிறுத்தினால் முதல் வாரத்தில் எடை விரைவாக இறங்குவது உண்மையே. ஆயின் அதில் பெரும்பங்கு, உடலில் சேமிக்கப்பட்ட சர்க்கரையுடன் பிணைந்திருந்த நீராகும். பழைய உணவுக்கு மீண்டதும் அந்நீரும் மீள்கின்றது.

எமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருகின்றது. வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2006 ஆம் ஆண்டில் வெளியானது. சீனியையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைச் சேர்த்து, நாளாந்தம் அரைமணி நேரம் நடந்தோரிடம் நீரிழிவு 28.5 வீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாத நிலையிலும் இப்பயன் கிடைத்ததே இதன் சிறப்பு.

ஆதலால் சோற்றைத் துறக்கவேண்டியதில்லை, அளக்கவேண்டும். கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி சோறு அல்லது புட்டு, எஞ்சிய கால்வாசி பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை என வகுத்துக்கொள்ளலாம். குத்தரிசியும் குரக்கனும் நல்லவையே. எனினும் அவற்றுக்கும் அளவு உண்டு. நியூ ஜேர்சியின் எரிபொருள் நிலையங்களிலும் ரெக்சாசின் கடைகளிலும் இரவுப் பணிபுரிவோர் விழித்திருக்க அருந்தும் 12 அவுன்சு கோலாவில் ஏறத்தாழ 39 கிராம் சீனி உள்ளது. அது ஒன்பது தேக்கரண்டிக்கு மேலாகும். அதனை விடுத்து வீட்டிலிருந்து சீனியற்ற தேநீரும் அவித்த கடலையும் கொண்டுசெல்வதே சிக்கனமான முதற்படி.

ஓர் எச்சரிக்கை அவசியம். இன்சுலின் ஏற்றுவோரும், கிளைபுரைட், கிளிபிசைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் திடீரெனச் சோற்றை நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வேறு சில புதிய நீரிழிவு மருந்துகளுடன் கீற்றோ உணவு சேரும்போது இரத்தம் அமிலமயமாகும் அபாயமும் உண்டு. அயலவருக்குப் பலனளித்தது என்பதற்காக வைத்தியரைக் கேளாது எதனையும் தொடங்கலாகாது. காப்புறுதி இல்லாதோர், வருமானத்துக்கேற்பக் கட்டணம் பெறும் சமூக சுகாதார நிலையங்களை நாடலாம்.

75 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்து, அதனைக் காத்துக்கொள்வாராயின் அதுவே பெருவெற்றி. முகாமிலும் கடலிலும் உயிர்காத்து வந்த எம்மவர், இம்மண்ணில் தடுக்கக்கூடிய நோய்க்கு இரையாகலாகாது. முதற்கண் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். பின்னர் எடையைக் கவனியுங்கள்.