உங்களுக்குத் தெரியுமா? நாய் அழுத்தும் சுவிட்ச்

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வராது. அதனால்தான் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் கிளாரா மன்சினி குழு, உதவி நாய்களுக்கான ‘டாகாசஃபி’ பொத்தானை நீலத்தில் செய்தது. அதன் முகப்பு சற்றே புடைத்து, சொரசொரப்பாக இருக்கும். ஈர மூக்கு வழுக்காது. 2025-ல் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 2013-லேயே, நாய் கடித்தாலோ இழுத்தாலோ வேலை செய்யும் சென்சார் உடுப்பைச் சோதித்தார்கள்.

நம் வீட்டிலும் இப்படியொரு பொத்தானைச் செய்யலாம். எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கும் ரிமோட் காலிங் பெல் போதும். பொத்தான்மேல் அகலமான நீலப் பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, நாயின் மூக்கு உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். மூக்கு பட்டதும் மணி ஒலிக்க வேண்டும். அந்த நொடியே கையிலிருந்து ஒரு துண்டு தீனி. ஜாதி நாய்தான் வேண்டுமென்பதில்லை, நாட்டு நாயும் கற்றுக்கொள்ளும். மணியைப் பக்கத்து வீட்டில் வைத்தால், தனியாகப் படுத்திருக்கும் பாட்டிக்காக நாய் அதை அடிக்கும்.

நாய் லைட், ஃபேனையும் போட வேண்டுமானால், இடையில் 5 வோல்ட் ரிலே வையுங்கள். 230 வோல்ட் ஒயர் நாயின் வாய்க்கு எட்டவே கூடாது. பொத்தானில் பட்டன் செல் இருந்து, அதை நாய் விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்குரூ கட்டாயம்.