பேராளரும் பிரதிநிதியும்



ஆங்கிலத்தில் 'டெலிகேட்' என்னும் சொல் வருமிடமெல்லாம் எம் மாணவர் தயக்கமின்றிப் 'பிரதிநிதி' என்று எழுதிவிடுவர். 'ரெப்பிரசென்டேட்டிவ்' என்பதற்கும் அதனையே எழுதுவர். இரண்டும் ஒன்றுதானா?

'டெலிகேட்' இலத்தீன் வழிவந்த சொல். ஒரு பணியை ஒப்படைத்து ஒருவரை அனுப்புதல் என்பதே அதன் வேர்ப்பொருள். ஆகவே, அனுப்பியோர் வகுத்த எல்லைக்குள் நின்று பேசுவது அவர் கடமை. மாநாடுகளுக்குச் செல்லும் இத்தகையோரை நாம் 'பேராளர்' என்கிறோம்.

1787ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பை ஆக்கப் பிலடெல்பியாவில் கூடிய 55 பேரும் இப்பெயரே பெற்றனர். மாநிலங்களின் சமவாக்குரிமையை விட்டுக்கொடுக்கலாகாது என்று டெலவேர் என்னும் சிறிய மாநிலம் தன் பேராளருக்குக் கட்டளையிட்டிருந்தது. குடித்தொகைக்கு ஏற்ப வாக்கு என்னும் பேச்சு எழுந்தபோது அவர்கள் அக்கட்டளையை எடுத்துக்காட்டினர். விவாதமும் அன்று ஒத்திவைக்கப்பட்டது. மாநாடு தனக்கிட்ட பணியின் எல்லையைக் கடக்கிறதெனக் கருதிய நியூயோர்க் பேராளர் இருவர் இடையிலேயே வெளியேறினர்.

பிரதிநிதியின் நிலை வேறு. 1774ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்தவரால் தெரிவுசெய்யப்பட்ட எட்மண்ட் பேர்க், தொகுதியாரின் விருப்பத்தை மதிப்பதாகவும், ஆயினும் தம் சொந்தத் தீர்ப்பை அதற்குப் பலியிட இயலாதெனவும் அவர்களிடமே கூறினார். 1780இல் அத்தொகுதி அவரை விட்டுப் போயிற்று. இலங்கையிலே 1947 முதல் 1972 வரை இருந்த கீழ்ச்சபையும் 'பிரதிநிதிகள் சபை' என்றே பெயர் பெற்றிருந்தது.

இவ்வேறுபாடு எமக்குப் புதியதன்று. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர் எனவும், சொல்லிவிட்டதையே கூறுவோர் எனவும் இருவகைப்படுத்தினார்.

சொல்லாராய்ச்சி வீண்வேலை என எண்ணற்க. ஊர்ச்சங்கமாயினும் ஆசிரியர் சங்கமாயினும், ஒருவரை அனுப்புமுன் அவருக்குக் கட்டளை கொடுத்தோமா, முடிவுசெய்யும் உரிமை கொடுத்தோமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். அதனைச் சொல்லாது அனுப்பிவிட்டு, அவர் திரும்பியபின், "எம்மைக் கேளாது ஏன் இசைந்தீர்?" என்று சினப்பது முறையாகாது. அக்குற்றத்தில் அனுப்பியோருக்கும் பங்குண்டு.