தாயின் பெயர் எனும் திறவுகோல்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆயினும் தம் குடும்பத்தின் மூலத்தைத் தேடி அயர்லாந்துக்குச் செல்வோர் பலர். அவர்களின் முன்னோர் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்? அவர்களின் சுவடுகள் இன்று எவ்வாறு கண்டறியப்படுகின்றன? வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கும் எனக்கு இவ்விரு கேள்விகளும் ஆர்வமூட்டின.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளின் அன்றாட உணவே அதுதான். பயிர் அழுகியது, குத்தகைப் பணம் கட்ட முடியாத குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். 10 இலட்சத்திற்கும் அதிகமானோர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை, 1851இல் ஏறக்குறைய 65 இலட்சமாகக் குறைந்தது.

அவ்வாறு சென்றவர்களில் ஒருவர் வெக்ஸ்போர்ட் பிரதேசத்தின் டன்கன்ஸ்டவுன் கிராமத்தைச் சேர்ந்த பட்றிக் கென்னடி. அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்த அவர், 1849இல் பிரிஜட் மர்பி என்ற பெண்ணை மணந்தார். 1858இல் அவர் இறந்தபோது கடைசி மகனுக்குப் பத்து மாதம். விதவையான பிரிஜட் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். அந்தக் கடைசி மகன் மாநில சட்டசபை உறுப்பினரானார். அவரது மகன் ஜோசப், பிரித்தானியாவுக்கான அமெரிக்கத் தூதுவரானார். ஜோசப்பின் மகனே ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி. 1963 ஜூன் மாதம் அவர் டன்கன்ஸ்டவுனுக்கு வந்து, அங்கே வாழ்ந்த உறவினரைச் சந்தித்தார்.

புகழ்பெற்றவர்களின் கதை இது. சாதாரணக் குடும்பத்தினரின் தேடல் இவ்வளவு எளிதன்று. 1922இல் உள்நாட்டு யுத்தத்தின்போது டப்ளின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரையான குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெரும்பாலானவை அதில் அழிந்தன. அடுத்த நான்கு மதிப்பீடுகளின் ஏடுகளை அரசே அழித்திருந்தது. முழுமையாக எஞ்சியவற்றில் பழையது 1901ஆம் ஆண்டினுடையதே.

கத்தோலிக்கத் தேவாலயப் பதிவேடுகள் அந்தந்த ஊர்த் தேவாலயங்களிலேயே இருந்ததால் தப்பின. 2015 முதல் அயர்லாந்துத் தேசிய நூலகம் அவற்றின் படிமங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது எழுதப்பட்ட இப்பதிவுகளில் குழந்தை, தந்தை ஆகியோரின் பெயர்களோடு, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் பெரும்பாலும் காணப்படும். இங்கேதான் திறவுகோல் இருக்கிறது.

அக்கால அயர்லாந்தில் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும், இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடுவது வழக்கம். ஆகவே ஒரே ஊரில் ஒரே பெயருடைய பல பட்றிக்குகள் இருப்பார்கள். தேடுபவர் தந்தையின் பெயரை மட்டும் அறிந்திருந்தால் திணறிப்போவார். தாயின் குடும்பப் பெயரும் தெரிந்தால், அத்தனை பட்றிக்குகளுள் தம்முடையவரைப் பிரித்தறிந்துவிடுவார். வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு பெண்ணின் பெயரே தலைமுறைகளைத் தொடுத்து வைக்கிறது!

இதைப் படித்த பின்னர் என் உம்மம்மாவிடம் அவருடைய தாயாரின் பெயரையும், அந்தத் தாயார் பிறந்த ஊரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். தோழிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் நீங்களும் கேளுங்கள். பெற்றோர்களே, நீங்கள் அறிந்தவற்றைச் சொல்லிக் கொடுங்கள். காப்பகம் எரிந்தாலும் வீட்டுக் கொப்பியில் ஒரு பெயர் மிஞ்சும்.